நீருக்கடியில் கற்ற பாடம்



கடந்த விடுமுறையில் நாம் நால்வர் திருகோணமலைக் கடலிற் சுழியோடும் உயர்நிலைப் பயிற்சிக்குச் சென்றோம். அடிப்படைப் பயிற்சியை முன்னரே முடித்தவர்கள், கடற்கரையில் வளர்ந்தவர்கள். ஆகவே, கற்பதற்கு இனி என்ன உண்டு என்ற இறுமாப்பு நம்மிடம் இருந்தது.

முதல் நாளே அது கரைந்தது. மேலும் கீழும் போகாது நீரின் நடுவே அசையாமல் நிற்கும்படி ஆசிரியர் சைகை காட்டினார். ஒருவர் மேலே மிதந்தார். மற்றவர் மணலில் அமர்ந்தார். திசைகாட்டியைக் கொண்டு சதுரமாக நீந்தித் தொடங்கிய இடத்துக்கே மீளவேண்டும் என்றார். நாம் மீண்ட இடமோ வேறு!

ஆழப் பயிற்சியின் எல்லை 30 மீற்றர். அங்கே அமுக்கம் மேற்பரப்பிலுள்ளதைப் போல் 4 மடங்கு. ஒவ்வொரு மூச்சும் 4 மடங்கு காற்றை விழுங்கும். சிவப்பு நிறம் மறையும். நைதரசன் சிந்தையை மயக்கும். எளிய கூட்டற் கணக்கிலே நம்முள் ஒருவர் தடுமாறினார். ஆயினும் தாம் தெளிவாயிருப்பதாகவே எண்ணினார். காற்றுமானியைப் பார்க்கவும் மறந்தார்.

மேலேறும் வழியிற் காற்றுக் குன்றியது. கையைக் கழுத்தின் குறுக்கே இழுத்துக் காட்டினார். தோழர் உடனே தமது மாற்று மூச்சுக்குழாயை நீட்டினார். 5 மீற்றர் ஆழத்தில் 3 நிமிடம் தரித்து, இருவரும் ஒரே கலத்துக் காற்றில் உயிர்தாங்கி மேலே வந்தனர்.

காற்றுக் கேட்டவர் இப்பொழுது உங்கள் முன் நிற்பவரே.

கரையிலே பிறரிடம் உதவி கேட்க நாம் நாணுகின்றோம். கடலிலே அந்நாணம் உயிரைக் கொள்ளும். பட்டப்படிப்பு நமக்குச் சொல்லாததைக் கடல் சொல்லிற்று.