இரவில் மரத்துப்போகும் கையும் மணிக்கட்டுப் பட்டையும்

(கிணத்துக்கடவில் நடந்த குழு உறுப்பினர்கள் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன், தீர்மானம் எல்லாம் பேசி முடிச்சாச்சு. இப்போ நம்ம கையைப் பத்திக் கொஞ்சம் பேசுவோம்.

நாங்கள் போகும் கூட்டங்களில் அக்காமார் பலர் சொல்வது இது: "ராத்திரி கை மரத்துப்போயி முழிப்பு வந்துருதுங்க. உதறுனாத்தான் சரியாகுது." சிலர் பக்கவாதமோ என்று பயப்படுகிறார்கள். சிலர் வயசாயிருச்சு என்று விட்டுவிடுகிறார்கள். தைலம் தேய்த்தே மாதங்களை ஓட்டியவர்களும் உண்டு.

இப்படி மரத்துப்போவதற்குப் பெரும்பாலும் காரணம், மணிக்கட்டில் ஒரு நரம்பு நசுங்குவதுதான். டாக்டர்கள் இதை 'கார்பல் டனல் சிண்ட்ரோம்' என்பார்கள். மணிக்கட்டில் சிறு எலும்புகளுக்கும் தடித்த ஒரு நாருக்கும் நடுவே குறுகலான வழி இருக்கிறது. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்தான் போகின்றன. அங்கே வீக்கம் வந்தால் நரம்பு நசுங்கும். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி மரத்துப்போகும். சுண்டு விரல் தப்பித்துக்கொள்ளும். இதுதான் அடையாளம்.

ஆண்களைவிடப் பெண்களுக்கே இது அதிகம். கர்ப்பம், சர்க்கரை, தைராய்டு, மூட்டுவாதம் இருந்தாலும் வரும். பால் கறப்பது போல, கையை இறுக்கி, மடக்கி, ஓயாமல் செய்யும் வேலையும் ஒரு காரணம்.

சரி, ராத்திரியில் ஏன் அதிகம்? தூக்கத்தில் நம்மை அறியாமல் மணிக்கட்டை மடக்கிக்கொள்கிறோம். மடக்கினால் நரம்பின் மேல் அழுத்தம் கூடும். மணிக்கட்டை நேராக நிறுத்துவதுதான் பட்டையின் வேலை. 'ஸ்பிளிண்ட்' என்று கேட்டால் மருந்துக் கடையில் கிடைக்கும். சில நூறு ரூபாய்தான்.

கவனிக்க வேண்டியவை:

1. உள்ளே தகடு வைத்த பட்டையாக வாங்குங்கள். வெறும் துணிக்கட்டு மணிக்கட்டை நிறுத்தாது.
2. சில பட்டைகளில் தகடு மேல்நோக்கி வளைந்திருக்கும். அதை எடுத்து நேராக்கிப் போடச் சொல்லிக் கேளுங்கள்.
3. விரல்கள் தாராளமாக மடங்க வேண்டும். இறுக்கிக் கட்டக்கூடாது.
4. தினமும் இரவில் போடுங்கள். குறைந்தது 6 வாரம். நாலு நாள் போட்டுவிட்டு 'கேக்கலீங்க' என்று பரண் மேல் போட்டுவிடாதீர்கள்.

எல்லோருக்கும் பட்டையிலேயே குணமாகிவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. நெதர்லாந்தில் 176 பேரிடம் நடந்த ஆய்வு 2002-ல் வெளியானது. 3 மாதத்தில் ஆபரேஷன் செய்தவர்களில் 100-க்கு 80 பேருக்கும், பட்டை போட்டவர்களில் 54 பேருக்கும் குணம் தெரிந்தது. ஆபரேஷனில் பலன் அதிகம்தான். ஆனாலும் பாதிப்பேருக்கு மேல் கத்தி படாமலே தேறியிருக்கிறார்கள். அதனால் ஆரம்ப நிலையில் பட்டையைப் போட்டுப் பார்ப்பது நல்லது.

ஆனால் பகலிலும் மரத்தே இருந்தால், டம்ளர் நழுவினால், பெருவிரல் அடியில் சதை வற்றினால் காத்திருக்கக் கூடாது. பொள்ளாச்சி அரசு மருத்துவமனைக்கோ கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போய்க் காட்டுங்கள். நாள் கடத்தினால் நரம்பு முழுசாகத் தேறாமலே போகலாம். எதற்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். திடீரென்று ஒரு பக்கக் கை விழுந்து, வாய் கோணி, பேச்சுக் குழறினால் அது வேறு நோய். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

'பட்டை கட்டிட்டுப் படுத்தா ஊட்ல சிரிப்பாங்க' என்று ஓர் அக்கா சொன்னார். சிரிக்கட்டுமுங்க. நம் குழுவில் கடனுக்குச் சொத்து ஜாமீன் கேட்பதில்லை. நம் உழைப்பை நம்பித்தான் தருகிறார்கள். அந்தக் கை ஓய்ந்தால் தவணையும் நிற்கும், அடுப்பும் நிற்கும். மாட்டுக்கு மடி வீங்கினால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுகிறோம். நம் கைக்கு மட்டும் ஏன் தள்ளிப்போடணும்?

அடுத்த கூட்டத்தில் ஒவ்வொரு குழுவிலும் இதைக் கேளுங்கள். யாருக்கு ராத்திரி கை மரக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பட்டை வாங்க முடியாதவர்களுக்குக் குழுச் சேமிப்பிலிருந்து சிறு கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாம்.