பால்மரமும் கணையமும்: தலைமை உரை



நாளமில்லாச் சுரப்பிகளைப் பற்றிய கருத்தரங்கை, தோட்டங்களை விட்டு வந்த நம் மக்கள் வாழும் ஈப்போவில் கூட்ட வேண்டும் என்று நான் வற்புறுத்தியதற்குக் காரணம் உண்டு. மலேசியாவில் வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர், அதாவது நீரிழிவு, இருப்பதாக 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வு கண்டது. இந்தியர்களில் அது 31.4 விழுக்காடு. நம் வீட்டுப் பந்தியில் பத்துப் பேர் உட்கார்ந்தால் மூவருக்கு இருந்த கணக்கு அது. "வாயைக் கட்டத் தெரியாதவர்கள்" என்று நாமே நம்மவர்களைச் சொல்லி முடித்துவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு தவறு என்று சொல்லவே இங்கே நிற்கிறேன்.

1902இல் லண்டனில் பேலிஸும் ஸ்டார்லிங்கும் ஒரு நாயின் சிறுகுடலுக்குச் செல்லும் நரம்புகளை அறுத்துவிட்டு, குடலில் அமிலத்தை விட்டுப் பார்த்தார்கள். அப்போதும் கணையம் நீர் சுரந்தது. செய்தி ரத்தத்தின் வழியே போயிருந்தது. இத்தகைய பொருள்களுக்கு ஹார்மோன் என்ற பெயரை ஸ்டார்லிங் 1905இல் வழங்கினார். இந்த ஹார்மோன்கள் வழியே பிட்யூட்டரிச் சுரப்பி ஏவ, தைராய்டு சுரக்கும். சுரந்தது போதுமென்றால் பிட்யூட்டரி ஏவுவதைக் குறைத்துக்கொள்ளும். அட்ரினலும் இப்படித்தான் நடக்கிறது. இவற்றை விரிவாகப் பேச அறிஞர்கள் வந்திருக்கிறார்கள். நான் இன்சுலினோடு நின்றுகொள்கிறேன்.

நம் உடலின் மொத்த ரத்தத்திலும் ஒரு நேரத்தில் ஓடும் சர்க்கரை ஏறக்குறைய ஐந்து கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. டின்பால் ஊற்றிய ஒரு கிளாஸ் தே தாரேக்கில் அதைவிட அதிகம் இருக்கும். குடித்த பிறகும் ரத்தச் சர்க்கரை எல்லை மீறாதிருப்பது கணையத் திட்டுகளின் உழைப்பு. அவை சுரக்கும் இன்சுலின், தசைச் செல்களின் உள்ளே காத்திருக்கும் சர்க்கரைக் கடத்திகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது. ஆனால் உழைக்கும் தசை இன்சுலினுக்குக் காத்திருப்பதில்லை. அது சுருங்கி விரியும்போது அந்தக் கடத்திகள் தாமாகவே மேலே வருகின்றன. நம் மக்களின் கதை இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

ரப்பர்த் தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே வெட்டு தொடங்கும். நானூறு, ஐந்நூறு மரங்களுக்கு நடந்து, உளி பிடித்து, பிறகு பால் வாளி சுமந்து ஸ்டோருக்குப் போக வேண்டும். சோறு நிறைய உண்டார்கள். கணையத்தின் பாரத்தில் ஒரு பங்கைக் கால்கள் ஏற்றன. அந்த வாழ்வை நான் போற்றவில்லை. மலேரியாவும் சோகையும் அதில் இருந்தன. ஆனால் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறியபோது, பிழைப்போடு அந்த உடலுழைப்பும் போயிற்று. சோற்றின் அளவு மாறவில்லை. இங்குள்ள புந்தோங்குக்கும் மலிவுவிலை அடுக்குமாடிகளுக்கும் வந்த பிள்ளைகள் தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போனார்கள். இரவில் உண்ணும் உணவை இன்சுலின் பகலைப் போலச் சமாளிப்பதில்லை. வேலை நிலைக்குமா, வாடகைக்கு என்ன வழி என்ற கவலை நீளும்போது அட்ரினல் சுரப்பியின் கார்டிசோல் கல்லீரலைச் சர்க்கரை செய்யத் தூண்டுகிறது. இதில் எதை நாவடக்கத்தால் திருத்துவது?

ஆள் ஒல்லி, வயிறு மட்டும் முன்னே. நம்மவர்களிடம் அடிக்கடி காண்பது இது. ஆசியர்களுக்கு உடல்நிறைக் குறியீடு 23லிருந்தே கவனம் வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004இல் சொன்னது. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பு இன்சுலினை எதிர்க்கும். கணையம் இன்னும் சுரக்கும், மேலும் சுரக்கும்.

அதன் முடிவை இங்கிருக்கும் பால்வெட்டுத் தொழிலாளர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தின் பட்டையில் எத்திஃபான் மருந்து தடவியவர்கள் நீங்கள். அதிலிருந்து வெளிவரும் எத்திலீன், தாவரத்தின் சொந்த ஹார்மோன். பால் நெடுநேரம் ஓடும். அளவு மீறினால் வெட்டும் பட்டை காய்ந்து, மரம் பால் தருவதை நிறுத்திவிடும். ஓயாமல் சுரக்கச் சொன்ன கணையத்துக்கும் அதே கதி நேர்கிறது. நோய் கண்டுபிடிக்கப்படும் நேரத்திலேயே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறத்தாழப் பாதி போயிருந்ததை பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வு காட்டியது. அதனால்தான் தாமதம் எனக்குக் கோபமூட்டுகிறது. தாகம் எடுத்து, புண் ஆறாமல், அதற்குப் பிறகு கிளினிக் போவது பாதியை இழந்த பின் போவதாகும்.

பேராளர்களிடம் என் வேண்டுகோள் இது. நோயாளி அட்டையில் அவர் என்ன வேலை செய்தார், எந்த ஆண்டு தோட்டத்தை விட்டார், இரவு வேலை உண்டா என்பவற்றையும் எழுதுங்கள். வரலாற்றுத் துறையினர் தோட்டத்து மூத்தவர்களின் உழைப்பையும் உணவையும் இப்போதே பதிவு செய்ய வேண்டும். அந்தத் தலைமுறை குறைந்துகொண்டே வருகிறது. இன்னொரு கவலையும் உண்டு. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியின் ஹார்மோன்களால் சர்க்கரை ஏறிய பெண்கள், பிள்ளை பிறந்ததும் எல்லாம் சரியென்று நினைத்துவிடுகிறார்கள். அவர்களைப் பின்தொடர்வதில் நாம் காட்டும் அலட்சியம் எனக்கு மிகவும் வேதனை தருகிறது. முதல் அமர்வே அவர்களைப் பற்றியது. அதைத் தொடங்கி வைக்கிறேன்.