பிறந்த பிள்ளைக்குக் கொப்புளமா? ஒதுக்காதீர்கள்!

(தோட்டங்களிலிருந்து வந்து கொழும்பில் தொழில் செய்யும் குடும்பங்களிடையே கொட்டாஞ்சேனையில் நிகழ்த்திய பேச்சு. தோட்டத்தில் இருப்போரும் அறிய இங்கே தருகிறோம்.)



வெள்ளவத்தைக் கடைகளிலயும் கொட்டாஞ்சேனை வீடுகளிலயும் பாடுபடுற நீங்க, ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு யார் வந்தாலும் பாய் விரிச்சு இடம் குடுக்கிறவங்க. ஆனால் உடம்பெல்லாம் கொப்புளமுள்ள பிள்ளையைக் கண்டால் நாம் பின்வாங்குகிறோம். அதைப் பற்றித்தான் பேச வந்தோம்.

எபிடெர்மோலைசிஸ் புல்லோசா என்று ஓர் அரிய பிறவி நோய் உண்டு. மேல்தோலையும் உள்தோலையும் சேர்த்துப் பிடிக்கும் புரதம் பழுதாக இருக்கும். சட்டை உரசினாலே தோல் விலகி, நீர் கோத்துக் கொப்புளமாகும். வண்ணத்துப்பூச்சிப் பிள்ளைகள் என்று இவர்களைச் சொல்வார்கள்.

இது அம்மாள் இல்லை. அம்மாள் காய்ச்சலோடு வரும், தொற்றும், ஒன்றிரண்டு கிழமையில் காய்ந்துவிடும். இது பிறந்ததிலிருந்தோ, தவழத் தொடங்கியதிலிருந்தோ, உரசும் இடங்களில் திரும்பத் திரும்ப வரும். தொற்றாது. ஒரே பாயில் படுக்கலாம். செய்வினையும் இல்லை. சில வகையில் தாய், தகப்பன் இருவரிடமும் வெளியில் தெரியாமல் அந்தப் பழுது இருக்கும். சொந்தத்துக்குள் கட்டினால் அதற்கு வாய்ப்புக் கூடும். ஆகவே மருமகளை மட்டும் ஏசுவது அநியாயம்.

எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல ஏலாது. சிறு துண்டுத் தோல் எடுத்துச் சோதிப்பார்கள். மரபணுச் சோதனையும் உண்டு. சில வகை வயதோடு குறையும். சில வகையில் தழும்பு விழுந்து விரல்கள் ஒட்டிக்கொள்ளும், தொண்டைக்குழாய் சுருங்கும். அதனால் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, துண்டு வாங்கி, பெரியாஸ்பத்திரிக்குப் போங்க. பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை 1895இல் தொடங்கியது. அரசாங்க ஆஸ்பத்திரி, வைத்தியத்துக்குக் காசில்லை. கிளினிக் கொப்பியைத் தொலைக்காதீங்க.

வீட்டில் செய்ய வேண்டியவை:

1. பிள்ளையைக் கக்கத்தில் பிடித்துத் தூக்காதீங்க. முதுகுக்கும் பின்புறத்துக்கும் கீழே கை கொடுத்துத் தூக்குங்க.

2. கொப்புளம் பெருக்கும். தாதிமார் காட்டித் தந்தபடி, கிருமி நீக்கிய ஊசியால் குத்தி நீரை விடுங்க. மேல்தோலை உரிக்க வேண்டாம்.

3. ஒட்டும் பிளாஸ்டர் கூடவே கூடாது. வாஸ்லின் தடவிய, ஒட்டாத துணிக்கட்டுப் போடுங்க. ஒட்டிக்கொண்டால் நனைத்து எடுங்க.

4. மஞ்சள், சாம்பல், பச்சிலை பூச வேண்டாம்.

5. பருத்திச் சட்டையைத் தையல் வெளியே வரும்படி போடுங்க.

6. முட்டை, பருப்பு, கீரையை மசித்து, ஆறவைத்துக் கொடுங்க. புண் ஆறச் சத்து வேண்டும்.

சீழ், நாற்றம், காய்ச்சல் கண்டாலோ, பால் குடிக்காவிட்டாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

முற்றாகக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் 2015இல் ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்குப் பழுது திருத்திய தோலை வளர்த்து, உடம்பில் பெரும்பகுதிக்கு ஒட்டினார்கள். 2023இல் அமெரிக்காவில், ஒரு வகைக்குப் புண்ணில் பூசும் மரபணு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. விலையோ மிக அதிகம். அதுவரை நம் கைப்பக்குவம்தான் பிள்ளைக்கு மருந்து.

பிள்ளைக் காம்பரா ஆயாவிடமும், பள்ளிக்கூட ஆசிரியரிடமும் "இது தொற்றாது, தள்ளிவிழாமல் பார்த்துக்கொள்ளுங்க" என்று பெற்றோரே போய்ச் சொல்லுங்க. வாய் கூசினால் எங்களைக் கூப்பிடுங்க, சேர்ந்து போவோம்.