பிரிந்து செல்லும் உரிமையும் சட்டமும்



ஒரு நாட்டினின்று ஒரு மாநிலம் படையெடாமல், குருதி சிந்தாமல், ஒப்போலை ஒன்றையே கருவியாகக் கொண்டு பிரிந்து செல்லச் சட்டம் இடந்தருமா? இவ்வினாவை ஒரு நாட்டரசே தன் உச்சநயன்மன்றத்தின் முன் வைத்து விடை கேட்டதுண்டு. அந்நாடு கனடா, அம்மாநிலம் கியூபெக்கு.

கியூபெக்கு மக்களுட் பெரும்பாலார் பிரெஞ்சு மொழியினர். 1763ஆம் ஆண்டுப் பாரிசு உடன்படிக்கையால் அவர்தம் நிலம் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1867இல் கனடாக் கூட்டரசு அமைந்தபோது கியூபெக்கும் அதன் உறுப்பாயிற்று. 1977இல் அம்மாநிலம் மொழிச்சட்டம் இயற்றி, ஆட்சியிலும் தொழிலகத்திலும் பள்ளியிலும் பிரெஞ்சை அரியணை ஏற்றியது. 1982இல் கனடா தன் அரசமைப்பைத் திருத்தியபோதோ, கியூபெக்கின் இசைவு பெறாமலே திருத்தியது.

மக்கள் கருத்து இருமுறை கேட்கப்பெற்றது. 1980இல், இரெனே இலெவெக்கு முதல்வராயிருந்தபோது, ‘ஆம்’ என்றோர் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர். 1995 அக்தோபர் 30இல், சாக்கு பாரிசோ ஆட்சியில், அது 49.42 விழுக்காடாக உயர்ந்தது. தகுதியுடையோருள் 93 விழுக்காட்டிற்கு மேற்பட்டோர் ஒப்போலை இட்டனர். இரு தரப்பிற்கும் இடைப்பட்ட வேறுபாடு 54,288 ஒப்போலைகளே! ஆயினும் தோற்ற தரப்பு முடிவை ஏற்றது. பாரிசோ பொறுப்பினின்று விலகினார்.

மயிரிழையில் தப்பிய நடுவணரசு, 1996இல் உச்சநயன்மன்றத்தை அணுகியது. கியூபெக்கு அரசு அவ்வழக்கிற் பங்கேற்க மறுத்துவிட்டது. எனவே, பிரிவுத் தரப்பை எடுத்துரைக்க மன்றமே ஒரு வழக்கறிஞரை அமர்த்தியது. 1998 ஆகசுட்டு 20இல் நடுவர் ஒன்பதின்மரும் ஒருமித்து விடை பகர்ந்தனர்.

ஒரு மாநிலம் தானாகவே பிரிந்து செல்லக் கனடாவின் அரசமைப்பு இடந்தருமா? தராது. பன்னாட்டுச் சட்டம் இடந்தருமா? குடியேற்ற ஆட்சிக்கோ அயலார் அடக்குமுறைக்கோ உட்பட்ட மக்களுக்கு அவ்வுரிமை உண்டு. உள்நாட்டில் தம்மைத் தாமே ஆளும் வாய்ப்பு முற்றிலும் மறுக்கப்பட்டோர்க்கும் அஃது ஒருகால் பொருந்தலாம். கியூபெக்கு மக்கள் இவற்றுள் எவ்வகையினரும் அல்லர் என்றது மன்றம்.

இத்துடன் நின்றிருந்தால் அஃது ஆள்வோர்க்கு மட்டும் இனித்த தீர்ப்பாகியிருக்கும். ஆனால் மன்றம் மேலும் சென்றது. தெளிவான வினாவிற்குத் தெளிவான பெரும்பான்மையர் ‘பிரிவோம்’ என்று விடையளித்தால், நடுவணரசும் பிற மாநிலங்களும் அதனைப் புறக்கணித்தல் ஆகாது. அவர்களுடன் பேச்சு நடத்துதல் கடமை என்றது. கூட்டாட்சி, குடியாட்சி, சட்டத்தின் ஆட்சி, சிறுபான்மையர் காப்பு என்னும் நான்கு நெறிகளும் இருதரப்பையும் கட்டுப்படுத்தும் என்றும் வரையறுத்தது.

எது தெளிவான வினா? எத்துணை விழுக்காடு தெளிவான பெரும்பான்மை? மன்றம் அளவு கூறவில்லை; அதனை அரசியலாளர்க்கே விட்டது. 2000இல் நடுவணரசு, தெளிவைத் தன் நாடாளுமன்றமே முடிவு செய்யும் என்று ஒரு சட்டம் இயற்றியது. பாதிக்கு மேல் ஒன்று மிகினும் போதும் என்று கியூபெக்கு அவ்வாண்டிலேயே மறுசட்டம் இயற்றியது. அப்பூசல் இன்றும் தீர்ந்தபாடில்லை.

பிரிவு நாடுவோர்க்கும் ஒரு பாடம் உண்டு. 1995 பொதுவாக்கெடுப்பிற்குச் சில நாள் முன்னர், கியூபெக்கின் வடபுலத்துத் தொல்குடியினரான கிரீ மக்கள் தனியே வாக்கெடுப்பு நடத்தினர். தம் இசைவின்றிக் கனடாவினின்று தம்மைப் பிரித்தல் ஆகாதென 96 விழுக்காட்டினர் உரைத்தனர். தன் உரிமையைக் கேட்கும் இனம், தன்னுள் வாழும் சிற்றினத்தின் குரலுக்குச் செவி மூடுதல் முறையாமோ?

‘சட்டத்தில் இடமில்லை’ என்று கதவடைப்போரும், ‘எண்ணிக்கை கிடைத்தது, இனிப் பேச்சு எதற்கு?’ என்று கிளம்புவோரும் இத்தீர்ப்பை ஊன்றிப் படித்தல் வேண்டும். பிரிந்து செல்ல விரும்புவோர் பேச்சிற்கு வருதல் வேண்டும். பிரியாதிருக்க விரும்புவோரும் அப்பேச்சை மறுத்தலாகாது. அமைதி வழிப் பிரிவிற்குக் கனடாவின் சட்டம் காட்டும் வழி இஃதே.