கணக்கேடும் சாட்சியும்



கார்த்திகைத் திங்களில் எங்கள் திருவண்ணாமலையில் மலையுச்சியில் தீபம் ஏற்றுவார்கள் என்பது நீங்கள் அறிந்ததே. மாலை ஆறு மணிக்குக் கொப்பரையில் சுடர் எழுந்ததும் ஊர் முழுவதும் ஒரே குரலாக ஆரவாரிக்கும். வீட்டு மாடியில் நின்று அதனை ஆண்டுதோறும் காண்பவன் நான். நான் ஒரு கிறிஸ்தவன். என் தந்தையாரும் அதே மாடியில் நின்று கண்டவர். பதினான்கு கிலோமீட்டர் மலைவலம் வந்து களைத்தவர்களுக்கு எங்கள் வீட்டுத் திண்ணையில் என் தாயார் தண்ணீர் கொடுத்ததும் உண்டு. சைவப் பெருந்தலமாகிய இவ்வூரில் டேனிஷ் மிஷனார் நிறுவிய பள்ளியும் இருக்கிறது. அதில் படித்த பிள்ளைகளுள் பெரும்பாலோர் கோயிலுக்குச் செல்லும் வீட்டுப் பிள்ளைகளே.

இத்தகைய ஊரில் கிறிஸ்தவனாக வாழ்வதில் ஒரு தனிச் சிறப்பு உண்டு. ஒரு சங்கடமும் உண்டு. உன் வேதத்தில் என்ன சொல்லியிருக்கிறது என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. ஆனால் மளிகைக்கடைக்காரர் மறந்து கூடுதலாகக் கொடுத்துவிட்ட பத்து ரூபாயை நான் திருப்பிக் கொடுக்கிறேனா என்பதைத் தெருவே பார்த்திருக்கிறது. ‘சாட்சி’ என்னும் சொல்லை எங்கள் திருச்சபையில் அடிக்கடி வழங்குவோம். கடவுள் தமக்குச் செய்த நன்மையைச் சபை நடுவே எழுந்து நின்று கூறுவதற்குச் சாட்சி சொல்லுதல் என்று பெயர். அச்சொல்லே நீதிமன்றத்திலும் வழங்குகிறது. அங்கே சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார்கள். சபையில் அப்படி யாரும் செய்வதில்லை. அக்காரியத்தைத் தெரு செய்கிறது.

எங்கள் ஊரிலிருந்து செங்கம் வழியே வடமேற்கில் பேருந்தில் சென்றால் சில மணி நேரத்தில் திருப்பத்தூரை அடையலாம். 1921-ஆம் ஆண்டில் அங்கே இரு மருத்துவர்கள் ஓர் ஆசிரமம் அமைத்தார்கள். கிறிஸ்துகுல ஆசிரமம் என்பது அதன் பெயர். ஒருவர் தமிழர், டாக்டர் சவரிராயன் ஏசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்துச் செல்வக் குடும்பத்தில் பிறந்த டாக்டர் எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். இருவரும் மணம் செய்துகொள்ளவில்லை. கதர் உடுத்தனர், எளிய உணவு உண்டனர், ஏழை நோயாளிகளுக்கு மருத்துவம் செய்தனர். தமிழ்நாட்டுக் கோயிற் கட்டடக் கலையைத் தழுவி, கோபுரம் உயர்ந்த ஒரு ஜெபாலயத்தையும் எழுப்பினர்.

இவற்றையெல்லாம் விட என் மனத்தைக் கவர்ந்தது வேறொன்று. ஆசிரமத்தில் ஏசுதாசன் ‘பெரியண்ணன்’, பேட்டன் ‘சின்னண்ணன்’. இன்று கேட்டால் இது சிறு செய்தியாகத் தோன்றலாம். வெள்ளையர் தலைவராகவும் இந்தியர் உதவியாளராகவும் இருப்பதே வழக்கமாயிருந்த காலம் அது. மிஷன் நிலையங்களும் பெரும்பாலும் அவ்வழக்கிற்கு உட்பட்டே நடந்தன. கடவுள் முன்னிலையில் மனிதர் அனைவரும் உடன்பிறந்தார் என்று ஞாயிறுதோறும் ஓதுவது எளிது. திங்கட்கிழமை ஒரு தமிழனை அண்ணன் என்று அழைத்து அவன் சொற்படி நடப்பது எளிதன்று. அதைத்தான் பேட்டன் வாழ்நாள் முழுவதும் செய்தார்.

அவர் உடுத்த கதர் அவருக்கு ஒருமுறை அடியையும் பெற்றுத் தந்தது. 1932-ஆம் ஆண்டில், சட்டமறுப்பு இயக்கம் நடந்த காலத்தில், சென்னையில் அந்நியத் துணிக்கடை மறியல் நடந்த இடத்தருகே நின்ற அவரைப் போலீசார் அடித்துக் கைது செய்தனர். செய்தி பிரிட்டிஷ் நாடாளுமன்றம் வரை சென்றது. தாம் வெள்ளையர் என்று காட்டிக்கொள்ளும் உடையை அணிந்திருந்தால் அவர்மீது ஒரு விரலும் பட்டிராது. அந்தப் பாதுகாப்பு தமக்கு வேண்டா என்று அவர் முன்னரே கழற்றி வைத்துவிட்டார்.

இனி, நான் மிகுதியாகப் பேச விரும்புபவர் ஜே. சி. குமரப்பா. பொருளியல் பயிலும் கல்லூரி மாணவர்கள் அவர் பெயரைக் கேட்டிருப்பீர்கள். அவர் தஞ்சாவூரில் 1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இலண்டனில் கணக்காய்வுத் தொழில் கற்றுப் பம்பாயில் தணிக்கையாளராக விளங்கினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் பொதுநிதி பயின்றார். இந்தியாவின் வறுமைக்கு ஆங்கில ஆட்சியின் நிதிக்கொள்கை எவ்வாறு காரணமாயிற்று என்பதே அங்கு அவர் ஆராய்ந்த பொருள். மேல்நாட்டு உடையும் மேல்நாட்டுப் பழக்கமும் கொண்ட மனிதரை அவர் கையில் இருந்த கணக்கே மாற்றியது. இது சிந்திக்கத்தக்கது. சிலரைப் பாட்டு மாற்றும்; சிலரைப் பிரசங்கம் மாற்றும். குமரப்பாவை மாற்றியது வரவு செலவுக் கணக்கு.

தாம் எழுதிய கட்டுரையோடு 1929-ஆம் ஆண்டு மே மாதத்தில் காந்தியடிகளைக் காணச் சபர்மதிக்குச் சென்றார். பட்டுத்துணியில் தைத்த மேல்நாட்டு உடை, கையில் பிரம்பு. மரத்தடியில் ஒரு முதியவர் தரையில் அமர்ந்து நூற்றுக்கொண்டிருந்தார். குறித்த நேரத்திற்குச் சில நிமிடங்கள் இருந்தமையால் குமரப்பா பிரம்பை ஊன்றி வேடிக்கை பார்த்து நின்றார். நேரம் வந்ததும் அம்முதியவரே, நீங்கள்தாமே குமரப்பா என்று வினவினார். அப்பொழுதுதான் இவர்தாம் காந்தி என்று அவருக்கு விளங்கியது. பட்டுடை கசங்குமே என்று பாராமல் தரையில் அமர்ந்தார். அன்று அமர்ந்தவர் அதன்பின் பழைய நாற்காலிக்குத் திரும்பவேயில்லை. குஜராத்தில் மாத்தர் தாலுகாவின் சிற்றூர்களுக்கு வித்யாபீட மாணவரை அழைத்துச் சென்று, வீடுவீடாக வருவாயும் கடனும் விசாரித்து, உழவரின் வறுமையைப் புள்ளிவிவரமாகத் திரட்டி வெளியிட்டார். ஊர்ஊராய் நடந்து எண்களைச் சேர்ப்பதைப் பக்தி என்று நம்மில் எத்தனை பேர் எண்ணுவோம்? அவர் எண்ணினார்.

1930-இல் உப்புச் சத்தியாக்கிரகத்தின்போது அறப்போர் வீரர்கள் கைகட்டி நின்று அடி வாங்கினார்கள். அதைக் கண்டும் வாய்திறவாதிருந்த திருச்சபைத் தலைவர்களையும் மிஷனெரிமாரையும் நோக்கி அவர் பகிரங்கமாகவே எழுதினார். பகைவனையும் நேசிக்கச் சொன்ன ஆண்டவரின் ஊழியர்கள் அகிம்சையைக் கண்டு அஞ்சுவது எங்ஙனம் என்பதே அவர் கேள்வியின் சாரம். தம் சமயத்தார் தம்மை வெறுப்பார்கள் என்று அறிந்தே கேட்டார். அயல் சமயத்தாரிடம் துணிவாகப் பேசுவோர் பலர். தம் சபையாரிடம் துணிவாகப் பேசுவோர் சிலர்.

1934 சனவரி 15-ஆம் நாள் பீகாரில் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இராஜேந்திரப் பிரசாத் தலைமையில் நிவாரணக் குழு அமைந்தது. நாடெங்குமிருந்து பணம் குவிந்தது. அப்பணத்திற்குக் கணக்குப் பார்க்கும் பொறுப்பைக் குமரப்பா ஏற்றார். தொண்டர்களின் உணவுக்கு ஒரு சிறு தொகை என்று வரையறுத்து, அதற்கு மேல் ஒரு காசும் நிவாரண நிதியிலிருந்து தரலாகாது என்று விதித்தார். குழுக் கூட்டத்திற்குக் காந்தியடிகள் தம் பரிவாரத்தோடு பாட்னாவுக்கு வந்தார். அவர்களுடைய பாலுக்கும் பழத்திற்கும் வண்டிக்கும் ஆகும் செலவை யார் கொடுப்பது? நிவாரண நிதியிலிருந்து தரமுடியாது, வேறு வழி பார்த்துக்கொள்ளுங்கள் என்று மகாதேவ தேசாயிடம் குமரப்பா கூறிவிட்டார். செய்தி காந்தியடிகளின் செவிக்கு எட்டியது. அவர் குமரப்பாவை அழைத்துக் கேட்டார். ஏழைக்கென மக்கள் கொடுத்த பணம் இது என்று இவர் விளக்கினார். அவரும் அதனை ஒப்புக்கொண்டார்.

காந்தியடிகளுக்கே ‘இல்லை’ என்றவர் என்று இதனைச் சொல்லிக் கைதட்டுவது வழக்கம். நான் வேறொன்றைக் காண்கிறேன். அவர் ‘இல்லை’ என்று சொல்ல முடிந்ததற்குக் காரணம், அதற்கு முன் பல நாள் இரவு பகலாக உட்கார்ந்து ஒவ்வொரு காசும் எங்கே போயிற்று என்று எழுதி வைத்திருந்ததே. கணக்கு எழுதாதவனுக்கு அந்தத் துணிவு வராது.

‘ஸ்டோன் வால்ஸ்’ என்று ஆங்கிலத்தில் சொல்வார்களே, அந்தக் கற்சுவர்களுக்குள் இருந்தபோது அவர் ஒரு நூல் எழுதினார். 1945-இல் வெளிவந்த அந்நூல் இயேசுவின் நடைமுறையையும் உபதேசங்களையும் பற்றியது. ஆங்கிலத் தலைப்பில் நடைமுறை முன்னே நிற்கிறது. உபதேசம் பின்னேதான் வருகிறது. பின்னாளில் மதுரை மாவட்டத்துத் தே. கல்லுப்பட்டியில் காந்தி நிகேதனத்தில் தங்கி உழைத்து, 1960 சனவரி 30-ஆம் நாள் சென்னையில் காலமானார். காந்தியடிகள் மறைந்த அதே நாள்.

மற்றவர் கணக்கைப் புகழ்ந்து பேசியாயிற்று. என் கணக்கையும் சொல்லாவிட்டால் இப்பேச்சு நேர்மையற்றதாகிவிடும்.

தொண்ணூறுகளில், இம்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில், அரசு உதவி பெறும் பள்ளிக்குத் தலைமையாசிரியனாகச் சென்ற புதிது. ஊர்ப்பெயர் வேண்டா. ஆகஸ்டுத் திங்கள் முதல் நாள் மாணவர் எண்ணிக்கையை வைத்தே பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயம் செய்வார்கள். அவ்வாண்டு நான்கு பெயர் குறைந்தது. நான்கும் போனால் ஓர் ஆசிரியர் உபரி. கடைசியாகச் சேர்ந்தவர் ஓர் இளம் தமிழாசிரியர், முந்தைய ஆண்டுதான் திருமணம் ஆகியிருந்தது, தந்தை நோயாளி. உதவித் தலைமையாசிரியர் என்னிடம் வந்து, “சார், நாம் ஒன்றும் எழுத வேண்டாம். போன பிள்ளைகள் பெயரை அடிக்காமல் விட்டால் போதும்” என்றார். நான் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பெயர்கள் குறிப்பேட்டில் நின்றன. அந்த ஞாயிற்றுக்கிழமை நான்தான் ஆலயத்தில் வேதபாடம் வாசித்தேன்.

மறுநாள் எட்டாம் வகுப்பு ஆசிரியர் விடுப்பு. நானே வருகைப் பதிவு எடுத்தேன். ஒரு பெயரை அழைத்தேன், பதில் இல்லை. முன் வரிசையில் இருந்த ஒரு சிறுவன் எழுந்து, “சார், அவன் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய் ஒரு மாசம் ஆச்சு. எங்க சித்தப்பா வீட்டோடதான் போனான்” என்றான். அவன் குரலில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை. எனக்குத் தெரியாதோ என்று தெரிவித்தான், அவ்வளவே. குறிப்பேட்டைப் பார்த்தேன். அந்த ஒரு மாதமும் அவன் பெயருக்கு எதிரே வருகைக் குறி, நல்ல நீல மையில்.

அன்று மாலை நான்கு பெயர்களையும் நீக்கினேன். முந்தைய மாதப் பதிவு தவறு என்று கல்வி அலுவலகத்திற்குக் கடிதமும் எழுதினேன். விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது, அது நியாயமே. பணி நிரவலில் அந்தத் தமிழாசிரியரைத் தொலைவில் உள்ள ஒரு பள்ளிக்கு அனுப்பினார்கள். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் பேருந்தில் அலைந்தார். அவர் தந்தை மறைந்தபோது நான் சென்றிருந்தேன். நாற்காலி எடுத்துப் போட்டார். ஒரு சொல்லும் பேசவில்லை. உண்மையைச் சொன்னேன் என்ற நிறைவோடு அந்த நாற்காலியில் என்னால் உட்கார முடியவில்லை.

பல ஆண்டு கழித்தே எனக்கு ஒன்று தெளிவாயிற்று. ஆகஸ்டில் நான் உண்மை சொன்னது சரி. ஆனால் சூனிலேயே அந்த நான்கு வீட்டுக் கதவையும் தட்டியிருக்க வேண்டியவன் நான். பள்ளி திறந்த முதல் வாரத்தில் பிள்ளை வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று போய்க் கேட்டிருந்தால், நான்கில் இரண்டு பேராவது நின்றிருப்பார்கள், தமிழாசிரியரும் நின்றிருப்பார். என் சோம்பலுக்கு உரிய விலையைக் கொடுத்தவர் அவர்.

அடுத்த ஆண்டு மே மாத இறுதியில் ஒரு சைக்கிளில் ஊர்ஊராய்ப் போனேன். பெங்களூரிலிருந்து திருவிழாவுக்கு வந்திருந்த குடும்பங்களைத் தேடிப் பிடித்தேன். சிலர் வீட்டில் இருந்துகொண்டே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள். ஒரு தாய் மட்டும், “புத்தகம், துணி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே குடுப்பீங்களா ஐயா?” என்று கேட்டார். கொடுப்போம் என்றேன்.

சூன் மாதம் பள்ளி திறந்த அன்று அந்தப் பையன் வந்தான். ஓராண்டில் உயரம் கூடியிருந்தது. உள்ளங்கைகள் சிமெண்டில் வெந்து தோல் உரிந்திருந்தன. கடைசிப் பலகையில் போய் உட்கார்ந்தான். நான் சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அன்றைய தேதியிட்டு, புதிய எண் கொடுத்து, அவன் பெயரை மறுபடியும் எழுதினேன்.