பழைய வீடும் பங்காளிகளும்



காலனிப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெங்களூர் அரண்மனையைக் கண்டு வந்தோம். அவ்விடம் முதலில் அரசருடையதன்று. காரெட் என்னும் பாதிரியாருடையது. பின்னாளில் சென்ட்ரல் கல்லூரியாக வளர்ந்த பள்ளியின் முதல் தலைவர் அவர். 1873-இல், பத்து வயதே நிரம்பிய மைசூர் மகாராஜா சாமராஜேந்திர உடையாருக்காக 40,000 ரூபாய்க்கு அது வாங்கப்பட்டது. பிறகு புதுப்பிக்கும் வேலைகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. லால்பாக்கைப் பேணிய காமரூன் துரை தோட்டம் வகுத்தார். பின்வந்த தலைமுறையினரும் தம் பங்கிற்குச் சில பகுதிகளைச் சேர்த்தனர்.

1996-இல் அரசாங்கம் அதனை எடுத்துக்கொள்ளச் சட்டம் இயற்றிற்று. குடும்பத்தார் உச்ச நீதிமன்றம் வரை சென்றனர். 2005-இல் பொதுமக்கள் காணத் திறக்கப்பட்டது. நுழைவுச் சீட்டின் விலை நம் போன்றோர்க்குச் சற்று மிகுதிதான்! ஆயினும் அத்தனை மரவேலையையும் கண்ணாடியையும் பேணப் பணம் வேறெங்கிருந்து வரும்?

குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கும் ஊரில் ஒரு பழைய வீடு உண்டு. கும்பகோணத்தை அடுத்த எங்கள் பாட்டனார் வீட்டிற்குப் பங்காளிகள் நால்வர். மழைக்கு முன் ஓடு மாற்றுவாரில்லை, கைமரம் உளுத்துவிட்டது, கூடத்தில் நீர் சொட்டுகிறது. ஒருவர் செலவிட்டால் உரிமை கொண்டாடுவாரோ என்று மற்றவர் அஞ்சினோம். அவ்வச்சத்திலேயே பதினோராண்டுகள் கழிந்தன.

அரண்மனையைக் கண்டு திரும்பிய அன்றிரவே, செலவை நாற்பங்காக்கிச் சித்திரையில் வேலை தொடங்கலாமென்று மூவருக்கும் எழுதினோம். இருவர் இசைந்துள்ளனர். மூன்றாமவரின் கடிதத்தை எதிர்நோக்கியிருக்கிறோம்.