திருவாதிரை இங்கே முன்னர் உதிக்கும்



மார்கழி மாலை இருண்டதும் கீழ்வானை நோக்குங்கள். வேடன் வடிவ விண்மீன் கூட்டத்தின் தோளில் செந்நிறமாய் ஒளிர்வதே திருவாதிரை. முதுமையால் பருத்து, கதிரவனினும் பல நூறு மடங்கு அகன்ற பெருமீன் அது. 2019 இறுதியில் மங்கத் தொடங்கிற்று. தான் உமிழ்ந்த தூசியே அதனை மறைத்தது என்பர் அறிஞர். 2020இல் மீண்டும் ஒளி பெற்றது.

திருவாதிரைத் திருநாளுக்குப் பேர்பெற்ற தில்லையும், போர்ட் பிளேயர் எனப்பட்ட நம் ஸ்ரீ விஜயபுரமும் ஏறத்தாழ ஒரே அட்சரேகையில் உள்ளன. நாமோ 13 பாகை கிழக்கே வாழ்கிறோம். பாகைக்கு 4 நிமிடம். ஆகவே, கடிகாரம் இரண்டிடத்தும் ஒன்றேயாயினும், அம்மீன் தில்லைக்கு ஏறத்தாழ 50 நிமிடம் முன்னரே நமக்கு உதிக்கிறது.

தமிழகம் காணாத நம் குழந்தைகளுக்கு அதனைத் தமிழ்ப் பெயர் சொல்லிக் காட்டுங்கள். சிறிது நேரத்தில் அவர்தம் பாட்டியும் அங்கே அதனையே காண்பார்.